கடன் இருக்கும்போது டர்ஃப் எடுக்கலாமா?

கேள்வி: கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நொடித்து 18 லட்சம் கடனில் நிற்கிறேன். ஜாமீன் கையெழுத்துப் போட்ட வங்கிக் கடன் 9 லட்சம். இரண்டு தவணை கட்டவில்லை. உறவினர்களுக்கு 5, நகைக்கடன் 3, மூணு வட்டிக்கு வாங்கியது 1. இப்போது 45,000 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டுச் செலவு 25,000. நண்பரோ, ஆளுக்கு 6 லட்சம் புரட்டி கிரிக்கெட் டர்ஃப் (மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம்) எடுக்கலாம் என்கிறார். கார் பந்தய வீரர் எடி ரிக்கன்பேக்கர் கடனாளியான 1927-லேயே ஒரு ரேஸ் டிராக்கை வாங்கி, பிறகு விமான நிறுவனத்துக்கே தலைவரானாராமே. நானும் துணியலாமா?

பதில்: அவர் வாங்கியது உண்மைதான். யார் பணத்தில் வாங்கினார் என்பதைப் பாருங்கள்.

ரிக்கன்பேக்கர் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஓட்டியவர். முதல் உலகப் போரில் 26 எதிரி விமானங்களையும் பலூன்களையும் வீழ்த்தி அமெரிக்காவின் நாயகனாகத் திரும்பியவர். தன் பெயரிலேயே கார் கம்பெனி தொடங்கி, 1923-இல் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் கொடுத்தார். போட்டிக் கம்பெனிகள் அது ஆபத்து என்று மக்களைப் பயமுறுத்தின. 1927-இல் கம்பெனி மூடப்பட்டபோது அவர் தலையில் சுமார் 2,50,000 டாலர் கடன். திவால் மனு போடாமல், பல ஆண்டுகள் உழைத்து அடைத்தார்.

அதே ஆண்டு இண்டியானாபொலிஸ் டிராக்கை வாங்க சுமார் 7,00,000 டாலரைக் கடன் பத்திரங்கள் மூலம் திரட்டினார். அந்தப் பெயருக்கு முதலீட்டாளர்கள் கிடைத்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை. டிராக்கை நம்பி அவர் வீட்டில் உட்காரவும் இல்லை. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் என்ற விமான நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்ததுதான். 1935-இல் அதன் பொது மேலாளராகி உள்ளே நின்று கற்றார். 1938-இல் முதலீட்டாளர்களைச் சேர்த்து 35 லட்சம் டாலருக்கு வாங்கினார். அந்த டிராக்கை 1945-இல் விற்றபோது கிடைத்தது சுமார் 7,50,000 டாலர். பந்தய வருமானத்தை விட்டுவிட்டு விலையை மட்டும் பார்த்தால், 18 வருடத்தில் ஆண்டுக்கு அரை சதவீதம்கூட ஏறவில்லை!

உங்கள் டர்ஃபில் நிலம் அடுத்தவருடையது. குத்தகை முடிந்தால் வலையும் கம்பமும்தான் மிஞ்சும். அந்த 6 லட்சத்துக்கும் நீங்களே கையெழுத்துப் போடுவீர்கள். வேண்டாம்.

வேலையில் சேருங்கள். கடையில் மிஞ்சிய சரக்கு, ரேக், கம்ப்ரசர் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளி, மூணு வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். வருடத்துக்கு 36 சதவீதம் அது. உறவினர்களிடம் நேரில் போய், எப்போதிலிருந்து எவ்வளவு தர முடியும் என்று எழுதிக் கொடுங்கள். பதுங்கினால்தான் கோபம் கூடும்.

வங்கி விஷயம்தான் அவசரம். நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன் ஆகிவிடும். அதற்குள் வேலை உத்தரவோடு மேலாளரைப் பார்த்து, தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். 12 சதவீத வட்டியில் 7 வருடம் என்றால் மாதம் சுமார் 15,900 வரும். மீதி 4,000 சொச்சத்தில் நகைக்கடன் வட்டியைக் கட்டிவிடலாம். குறைத்துக் கட்டி முடிக்கும் செட்டில்மென்டுக்கு இப்போதே தலையாட்டாதீர்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது கறையாக நிற்கும்.

டர்ஃப் ஆசை போகவில்லையா? நண்பர் தொடங்கட்டும். சனி, ஞாயிறு மாலையில் புக்கிங்கைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் எத்தனை ஸ்லாட் காலியாகப் போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.