மடக்கு கீபோர்டு வாங்கும் முன் வலது ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: போனோடு இணைக்கும் மடக்கு கீபோர்டில் இரண்டு மடிப்பு வாங்கலாமா, மூன்று மடிப்பா? பெரும்பாலும் ரயிலில்தான் எழுதுவேன்.

இரண்டு மடிப்பே வாங்குங்கள். மூன்று மடிப்பு பையில் கச்சிதமாக அடங்கும், மேசைமேல் நன்றாகவே இருக்கும். மடியில் வைத்தால் இரண்டு கீல்களிலும் தொய்யும். சேர்காரில் முன்சீட்டு மேசை உண்டு. ஸ்லீப்பரில் மடிதானே மேசை! கடையில் விரித்து, இரு ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நடுவில் சரிந்தால் வேண்டாம். ஏற்கெனவே மூன்று மடிப்பு வாங்கிவிட்டீர்கள் என்றால், கீழே ஒரு பரீட்சை அட்டை வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: தமிழ்99 என்ற தமிழ்க் கீ அமைப்பில் வேகமாக அடிப்பவன் நான். எல்லா மடக்கு கீபோர்டும் சரிவருமா?

வராது. விமர்சனங்களில் யாரும் சொல்லாத விஷயம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு வலது ஓரத்தில் இருக்கும் சதுர அடைப்புக்குறிகளும் மேற்கோள் குறியும் எப்போதாவதுதான் தேவை. அதனால் இடத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது அங்கேதான்: அந்தக் கீகளைப் பாதி அகலமாக்குவார், அல்லது எஃப்என் (Fn) கீயோடு சேர்த்து அழுத்தும்படி ஒளித்துவிடுவார். தமிழ்99-லோ அடைப்புக்குறிக் கீகளில் ச, ஞ இருக்கின்றன. மேற்கோள் குறியில் ய, அரைப்புள்ளியில் ந, சாய்கோட்டில் ழ. 'செய்தி' என்று அடிக்கவே அந்த ஓரத்துக்கு இரண்டு முறை போக வேண்டும். ஒவ்வொரு ச-வுக்கும் இரண்டு கீ அழுத்தினால் பழகிய வேகம் போச்சு. ஆகவே படத்தைப் பெரிதாக்கி, இந்த ஐந்து கீகளும் தனித்தனியாக, முழு அகலத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அஞ்சல் முறையில், அதாவது ஒலிப்படி ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழ் அடிப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு ஆங்கில எழுத்துக் கீகளே போதும்.

அப்புறம், போனில் இருக்கும் தமிழ் ஆப் திரையில் ஓடுகிறது என்பதால் வெளிக் கீபோர்டிலும் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். நண்பரிடம் ஏதாவது ஒரு ப்ளூடூத் கீபோர்டை வாங்கி, முதலில் இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கீகள் நெருக்கமாக இருந்தால் விரல் இடிக்காதா?

ஸ்கேல் எடுத்து, க்யூ (Q) கீயின் இடது விளிம்பிலிருந்து பி (P) கீயின் வலது விளிம்புவரை அளந்து பாருங்கள். சாதாரண கீபோர்டில் சுமார் 19 செ.மீ. வரும். 17-க்கு மேல் இருந்தால் ஓரிரு நாளில் பழகிவிடும். 16-க்குக் கீழே போனால் பெரிய கைக்காரர்களுக்கு அவஸ்தைதான்.

கேள்வி: டச்பேட் உள்ளது எடுக்கலாமா?

எழுதத்தான் என்றால் தேவையில்லை. போனில்தான் திரையைத் தொட்டுக்கொள்ளலாமே. டச்பேட் பெரும்பாலும் வலப்பக்கம்தான் வரும், அதற்கு இடம்விட்டு நசுங்குவது மேலே சொன்ன அதே கீகள்.

கேள்வி: விமானத்தில் கொண்டுபோகலாமா?

தாராளமாக. உள்ளே இருப்பது சின்ன லித்தியம் பேட்டரிதான், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட எடுத்துப்போகும் பவர்பேங்கையும் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. மடக்கினால் தானாக அணையும் மாடலா என்றும் கேட்டு வாங்குங்கள். அணையாத மாடல் என்றால், பைக்குள் கீ அழுந்தி போன் விழித்துக்கொண்டே இருக்கும், இறங்குவதற்குள் போன் சார்ஜும் கரைந்துவிடும்.