சாப்பலில் இருபது நிமிடம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் அதிகமானவை சாப்பல் (இறையியல் கல்லூரிக்குள் நடக்கும் ஆராதனை) பிரசங்கம் பற்றியவை. ஒரே விதமான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இன்னும் மூன்று கிழமையில் எனது முதல் சாப்பல் பிரசங்கம். ‘அன்பு, விசுவாசம், ஊழியம்’ என்று தலைப்புத் தந்து 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இவ்வளவையும் எப்படி அடக்குவது?
– மாணவர், மட்டக்களப்பு

மூன்றாகப் பிரித்தால் தம்பி, ஆறு ஆறு நிமிடத்தில் மூன்று குட்டிப் பிரசங்கம் வரும். மூன்றும் ‘வேண்டும், வேண்டும்’ என்று சொல்லிவிட்டு முடிந்துபோகும். மூன்றும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிற ஒரு வேதபகுதியைப் பிடியுங்கள். 1 தெசலோனிக்கேயர் இதற்கு நல்ல இடம். 1:3இல் பவுல் அந்தச் சபையின் ‘விசுவாசத்தின் கிரியையையும், அன்பின் பிரயாசத்தையும்’ நினைவுகூருகிறார். 2:8–9இல் தன் ஊழியம் எப்படி நடந்தது என்று சொல்கிறார்: ஒருவருக்கும் பாரமாக இராதபடி இரவும் பகலும் கைவேலை செய்துகொண்டே சுவிசேஷம் சொன்னார். இந்த இரண்டு இடமும் போதும். மூன்றாவதாக ஓர் இடத்தைத் தேடிப் போகாதீர்கள்.

பின்னணிக்கு அப்போஸ்தலர் 17ஐ வாசியுங்கள். பவுல் மூன்று ஓய்வுநாட்கள் தெசலோனிக்கேயில் ஜெபஆலயத்தில் பேசினார், கலகம் எழுந்தது, அவர்களை ஏற்றுக்கொண்ட யாசோனை இழுத்துக்கொண்டு போனார்கள், பவுலையும் சீலாவையும் சகோதரர்கள் இரவோடு இரவாக அனுப்பிவைத்தார்கள். தன்னை வளர்த்தவர் பக்கத்தில் இல்லாமல், தொல்லைக்குள் நிற்கும் இளம் சபை அது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நகரத்தின் வணிகம், துறைமுகம், ரோமச் சாலை என்று விளக்கப் போனால் விரிவுரை மண்டபத்துக்குள் திரும்பிப் போய்விடுவீர்கள். காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் மாணவர்கள் சாப்பலுக்கு வந்திருக்கிறார்கள்.

முதல் கிழமை எழுத வேண்டாம். பகுதியைக் கையால் பார்த்தெழுதி, நாளுக்கு ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். எழும் கேள்விகளை ஓரத்தில் குறியுங்கள். விளக்கவுரைகளைக் கிழமை முடிவில் திறந்தால் போதும். முதலிலேயே திறந்தால் அவற்றின் தலைப்புகள்தான் உங்கள் தலைப்புகளாக வரும். இரண்டாம் கிழமை, முழுப் பிரசங்கத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உதாரணமாக: ‘தெசலோனிக்கேயரின் விசுவாசம் அவர்கள் செய்த வேலையில் தெரிந்தது, அன்பு அவர்கள் பட்ட களைப்பில் தெரிந்தது, பவுலின் ஊழியமும் அப்படியே.’ இந்த ஒரு வாக்கியம் வராதவரை மற்றதை எழுத உட்காராதீர்கள். சாப்பல் பிரசங்கங்கள் வழிதவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அளவைப் பாருங்கள். நிதானமாகத் தமிழ் பேசுகிறவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல் பேசுவார். கைபேசியில் பதிவுசெய்து உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். வேத வாசிப்புக்கு 2 நிமிடம், முடிவு ஜெபத்துக்கு 1 நிமிடம் போனால் மிஞ்சுவது 17. கணக்குக்கு 1,500 சொல் வரும், 1,400 எழுதுங்கள். பதற்றத்தில் வேகமாகப் பேசி 14 நிமிடத்தில் முடித்துவிட்டால் ஒருவரும் குறைசொல்ல மாட்டார்கள். 27 நிமிடமானால் அடுத்த வகுப்பு விரிவுரையாளர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

மூன்றாம் கிழமை வெட்டுவதற்கு. ஆளில்லாத மண்டபத்தில் இரண்டுமுறை நின்று பேசிப் பாருங்கள். நாக்குத் தடுக்கும் வாக்கியங்களை உடையுங்கள். ‘இவ்வாறாக நாம் பார்க்கின்றபொழுது’ என்று தொடங்குகிற எல்லாவற்றையும் வெட்டிவிடலாம், ஒன்றும் குறையாது.

கடைசியாக, பயன்பாட்டுப் பகுதி. ‘நாம் ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும்’ என்று சொன்னால் ஆமென் வரும், அதற்குமேல் ஒன்றும் வராது. விடுதியில் டெங்குக் காய்ச்சலில் கிடக்கிற அறைத்தோழனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, அவன் வாந்தியெடுத்த பேசினைக் கழுவி, அடுத்த நாள் கிரேக்கப் பரீட்சைக்கு அரைத் தூக்கத்தில் போகிறவன் படுகிற களைப்பு இருக்கிறதே, 1:3 சொல்கிற பிரயாசம் அது. அந்த அளவுக்கு இறங்கிச் சொல்லுங்கள். ஆனால், போன மாதம் உண்மையாகவே அப்படிச் செய்தவர் எதிரில் இருந்தால் இந்த உதாரணத்தை மாற்றிவிடுங்கள். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். விடுதிச் சண்டையை மேடைக்குக் கொண்டுவருவது இதைவிட மோசம். சிறிய கல்லூரியில் பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும்.

கேள்வி: 1 கொரிந்தியர் 13 எல்லாக் கலியாணத்திலும் வாசித்து அலுத்துவிட்டது. இறையியல் மாணவர் முன்னால் அதில் பிரசங்கிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
– வாசகி, பெரியகல்லாறு

கலியாண வீட்டிலிருந்து எடுத்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். 12ஆம் அதிகாரம் வரங்களைப் பற்றிப் பேசுகிறது. 14ஆம் அதிகாரம் அந்த வரங்களைச் சபையில் ஒழுங்காகப் பயன்படுத்துவதைப் பற்றி. நடுவில் 13. யார் வரம் பெரிது என்று ஒப்பிட்டு ஒருவரையொருவர் தாழ்த்திய ஆட்களுக்கு எழுதியது. அந்த ஒப்பீடு இறையியல் கல்லூரியில் நாள்தோறும் நடக்கிறது: யாருக்கு நல்ல குரல், யாருக்கு எபிரேயத்தில் கூடிய புள்ளி, யாரை வெளியூர்ச் சபைகள் அடிக்கடி கூப்பிடுகின்றன. அங்கே 13:1–3ஐ வாசித்தால் கலியாண வாசனை தானாகப் போய்விடும்.

4 முதல் 7 வரை முழுவதையும் வரிசையாக விளக்க வேண்டாம். பொறாமை, புகழ்ச்சி, சினம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் கொடுத்தால் கேட்பவருக்கு ஒன்றும் தங்காது. ஒன்றை எடுங்கள். ‘சினமடையாது’ ஒன்றே 20 நிமிடத்துக்குக் காணும்.

கேள்வி: ‘விசுவாசம் இருந்தால் ஒரு தீங்கும் அணுகாது’ என்று எங்கள் ஊரில் வந்து பிரசங்கிக்கிறார்கள். சுனாமியில் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். விசுவாசத்தைப் பற்றி இங்கே எப்படிப் பேச வேண்டும்?
– சபை மூப்பர், கல்முனை

ஐயா, இந்தக் கேள்வியைப் பிரசங்கம் செய்ய வரும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். 2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஆராதனைக்கு வந்தவர்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் யுத்தம். இங்கே எந்த வாங்கிலும் இழப்புள்ள ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் வாய் திறக்க வேண்டும்.

எபிரெயர் 11ஐ முழுவதும் வாசிக்காததால் வரும் கோளாறு இது. 34ஆம் வசனம் வரைக்கும் வாசித்து நிறுத்துகிறார்கள்: சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், அக்கினியை அவித்தார்கள், பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள். 35இன் நடுவில் ‘வேறுசிலர்’ என்று திரும்புகிறது. 37இல் அந்த வேறுசிலர் பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரிக்கிறார்கள். ஒருவர் விசுவாசத்தினால் பட்டயத்துக்குத் தப்புகிறார், இன்னொருவர் அதே விசுவாசத்தோடு பட்டயத்தால் சாகிறார். 39ஆம் வசனம் இரு கூட்டத்துக்கும் ஒரே நற்சாட்சி கொடுக்கிறது. அப்போஸ்தலர் 12ஐயும் பாருங்கள்: 2ஆம் வசனத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொலையாகிறார், அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைந்ததென்று அதை எழுதிய லூக்கா சொல்லவில்லை.

மாணவர்கள் தவிர்க்க வேண்டிய சில பேச்சுகள் உண்டு. ‘ஆண்டவர் உங்களை ஒரு நோக்கத்துக்காகக் காப்பாற்றினார்’ என்பது தப்பியவருக்கு ஆறுதல்போல இருக்கும். பக்கத்து வாங்கில் இருக்கிற தாய்க்கு, தன் பிள்ளைக்கு நோக்கம் இருக்கவில்லையா என்று கேட்கும். இழந்தவர்களைக் கை உயர்த்தச் சொல்லக் கூடாது. அலையையும் குண்டையும் உதாரணக் கதையாக்கிக் கண்ணீர் வரவழைக்கக் கூடாது. ஜெபத்தில் நினைவுகூருவதானால் ஆராதனைக்கு முன்பே குடும்பத்தாரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

கேள்வி: நான் மெதடிஸ்த சபைப் பிள்ளை, படிப்பது பப்டிஸ்ட் கல்லூரியில். சாப்பலில் ஞானஸ்நானம் பற்றிப் பேசலாமா? எந்த வேதபகுதி என்று யார் சொல்வார்கள்?
– மாணவி, களுவாஞ்சிக்குடி

பொதுவாகப் பப்டிஸ்ட் மரபில் ஆண்டு முழுவதற்கும் கட்டாயமான வாசிப்பு அட்டவணை கிடையாது. பிரசங்கிக்கிறவரே பகுதியைத் தெரிவுசெய்வார். ஆனாலும் தவணைக்கென்று ஒரு தொடர் ஓடுகிறதா என்று சாப்பல் பொறுப்பாளரிடம் முதலே கேளுங்கள். போன கிழமை ஒருவர் பேசிய பகுதியையே நீங்களும் எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டாம்.

ஞானஸ்நானம் பப்டிஸ்ட் சபையாருக்கு அடித்தளமான விஷயம். விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்கு மட்டும், முழுக்காக, குழந்தைகளுக்கு இல்லை. உங்கள் சபையில் குழந்தைகளுக்கும் உண்டு. வித்தியாசத்தை வகுப்பில் விவாதியுங்கள், அங்கே எதிர்க்கேள்வி கேட்க இடமிருக்கிறது. சாப்பலில் இல்லை. பப்டிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் சேட்டர் கொழும்புக்கு 1812இல் வந்தார். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு 1814இல் வந்தார். இருநூறு வருடமாக முடியாத விவாதத்தை உங்கள் 20 நிமிடம் முடித்துவைக்கப் போவதில்லை.

கேள்வி: எங்கள் கூட்டங்களில் பாதிப்பேர் சிங்களம். மொழிபெயர்ப்பாளரோடு பேசினால் பிரசங்கம் துண்டு துண்டாகிறது.
– வாசகர், அம்பாறை நகர்

20 நிமிடத்தில் உங்களுடைய பங்கு 9 நிமிடம்தான் என்று முதலே ஒத்துக்கொள்ளுங்கள். 700 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். முழுப் பிரசங்கத்தைக் கொண்டுவந்து மேடையிலேயே சுருக்கலாம் என்று நினைப்பவர்கள் முன்னுரையோடு நேரத்தை முடித்துவிடுகிறார்கள்.

வேத வசனங்களின் பட்டியலை மொழிபெயர்ப்பாளரிடம் முதல் நாளே கொடுங்கள். அவர் சிங்கள வேதாகமத்திலிருந்து வாசிக்கட்டும், தானாக மொழிபெயர்க்க வேண்டாம். தமிழுக்கும் சிங்களத்துக்கும் வினை கடைசியில் வருவதால் ஒரு வசதி உண்டு: நீங்கள் வாக்கியத்தை முடித்தால் அவரும் அதே வரிசையில் முடிக்கலாம். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினால் அவரிடம் வினை இல்லை, ஊகித்துச் சொல்வார், பிறகு திருத்துவார், சபை சிரிக்கும். பத்துப் பன்னிரண்டு சொல்லில் முடிகிற வாக்கியம், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். பழமொழி, சிலேடை, எதுகை மோனைத் தலைப்புகள் எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஞாயிறு ஊழியத்துக்கு மாணவர்களை அனுப்புகிறார்கள். பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். பிரசங்கம் மட்டும்தான் ஊழியமா?
– வாசகி, திருக்கோவில்

இல்லை. யாக்கோபு 2:15–16ஐ அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்: ஆகாரமில்லாதவனிடம் ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆராதனைக்கு ஒரு மணித்தியாலம் முன்னே வரச்சொல்லுங்கள், பாய் விரிக்கட்டும், கதிரை அடுக்கட்டும். முடிந்தபின் இரண்டு வீடாவது போகட்டும். கல்லூரிக்கு எழுதும்போது பேச்சைப் பற்றி மட்டும் எழுதாமல் இதையும் எழுதுங்கள்.

கேள்வி: தகரக் கூரை, மாரி மழை, கூவுகிற ஒலிவாங்கி. என்ன செய்யலாம்?
– சாப்பல் ஒழுங்குக் குழு மாணவர், வாழைச்சேனை

கூவுவது ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும் சத்தம் திரும்ப ஒலிவாங்கிக்குள் போவதால். பெட்டிகளைப் பேசுகிறவருக்கு முன்னால், சபையைப் பார்த்து வையுங்கள். பின்னால் இருந்தால் கொஞ்சம் கூட்டினாலே கூவும். கூவும்போது வலைத்தலையைக் கையால் பொத்துகிறார்கள், அது இன்னும் கூட்டும். கையில் பிடிப்பதானால் வாயிலிருந்து நான்கு விரல் தூரம், மேடையில் வளைகம்பியில் நிற்கிற ஒலிவாங்கியானால் ஒரு சாண். கம்பியில்லாததற்கு அன்றைக்கே புது பற்றரி போடுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை பிரசங்கிக்கிறவரை மழையை எதிர்பார்த்தே எழுதச் சொல்லுங்கள். எந்தப் பந்தியை விட்டாலும் பிரசங்கம் நிற்குமோ அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைக்கட்டும். தகரத்தில் அடித்துப் பெய்தால் கத்தக் கூடாது. ஐந்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும், பின்வாங்குக்கு அப்போதும் கேளாது. எல்லாரையும் முன்வரிசைகளுக்கு வரச்சொல்லி ஒரு பாட்டுப் பாடுங்கள். குறைந்தால் தொடரலாம், குறையாவிட்டால் கோடு போட்ட பந்தியை விட்டுவிட்டு முடிக்கலாம். கரண்ட் போகும் என்பதால் குறிப்பு காகிதத்தில் இருக்கட்டும்: ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்து, பக்க எண், மின்விசிறிக்குப் பறக்காமல் ஒரு கிளிப்.