தூத்துக்குடிக்கு வந்தால் எதைச் சாப்பிடலாம்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, ரெண்டு நாள்தான் ஊரில் இருப்போம். எதை விடவே கூடாது?

பதில்: மதியம் மீன் சாப்பாடு, ராத்திரி பொரிச்ச பரோட்டா, ஊருக்குக் கிளம்பும்போது மக்ரூன் என்ற முந்திரி இனிப்பு. பரோட்டாக் கடைகள் பொழுது சாய்ந்த பிறகுதான் களைகட்டும். மதிய வெயிலில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: பரோட்டா எந்த ஊரில்தான் இல்லை? இங்கே என்ன விசேஷம்?

பதில்: இங்கே கல்லில் எண்ணெய் தேங்கி நிற்கும், பரோட்டா அதில் கிடந்து பொரியும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்ற அடுக்கு. பிய்த்துச் சால்னாவில் தொட்டுச் சாப்பிட்டால் பாதி ருசிதான். இலையிலேயே நன்றாக நொறுக்கி, சால்னாவைத் தாராளமாக ஊற்றி, ஒன்றிரண்டு நிமிஷம் ஊறவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் கூழாகிவிடும். பார்சல் என்றால் சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். பரோட்டாவைச் சூடாக மூடிக் கட்டினால் ஆவியிலேயே நமத்துவிடும். பொரித்தது ஒத்துக்கொள்ளாதவர்கள் சாதா பரோட்டா கேட்கலாம்.

கேள்வி: மே மாதம் வருகிறோம். நல்ல மீன் கிடைக்குமா?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுகள் போகும் என்பதால் மீனே இல்லாமல் போகாது, வரத்துதான் குறையும், விலையும் ஏறும். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது. அதனால் மே மாதத்தில் அங்கிருந்து ஐஸில் வைத்த மீனும் வரும். ஓட்டலில், “இன்னிக்குக் கரைக்கு வந்தது எது?” என்று கேட்டு அதையே வாங்குங்கள். வஞ்சிரத்துக்கு இங்கே சீலா என்று பெயர். எல்லாரும் அதற்கே பறக்கிறார்கள். குழம்புக்கு விளமீனும் ஊளியும் அதைவிட மேல் என்பேன்.

கேள்வி: வீட்டில் மீன் குழம்பு வைத்தால் தண்ணீர் தனி, தேங்காய் தனியாக நிற்கிறது. ஏன்?

பதில்: தேங்காய் சரியாக அரைபடவில்லை, அல்லது ஊற்றிய பிறகு அதிகம் கொதித்துவிட்டது. அரை கிலோ மீனுக்கு அரை மூடித் தேங்காய், ஒரு சின்னக் கரண்டி சீரகம், ஆறு சின்ன வெங்காயம். வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, இரண்டு சின்னக் கரண்டி மிளகாய்ப்பொடி, மூன்று மல்லிப்பொடி, கொஞ்சம் மஞ்சள், உப்பு சேர்த்துப் பச்சை வாடை போகக் கொதிக்கவிடுங்கள். மாங்காய் போட்டால் புளி பாதி போதும். பிறகு அரைத்த விழுது. ஒரு கொதி வந்ததும் மீனைப் போட்டு, மிதமான தீயில் ஏழெட்டு நிமிஷம். மீன் விழுந்த பிறகு கரண்டி போடாதீர்கள், சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். கடைசியில் வெந்தயமும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்களுக்கு?

பதில்: கறுப்பு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். நெல்லைப் பக்கத்துச் சொதியும் (தேங்காய்ப்பால் குழம்பு) இங்கே உண்டு. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதில் போட்ட காபியைக் குடித்துப் பாருங்கள். மக்ரூனில் முட்டை உண்டு, கவனம்.

கேள்வி: காயல்பட்டினம் களறிச் சாப்பாடு ஓட்டலில் கிடைக்குமா?

பதில்: நெய்ச்சோறு, களறிக்கறி, கத்திரிக்காய் மாங்காய் என்று அது கல்யாண வீட்டுப் பந்திச் சாப்பாடு. யாராவது அழைத்தால் யோசிக்காமல் போய்விடுங்கள்.

கேள்வி: மக்ரூன் வீட்டில் செய்தால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கிறது.

பதில்: சூடு அதிகம். மக்ரூனை வேகவைப்பதைவிட உலர்த்துகிறோம் என்பதே சரி. மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, 150 கிராம் பொடித்த சர்க்கரை, 150 கிராம் முந்திரித் தூள். மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும்வரை, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடியுங்கள். முந்திரியை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கி நுரையை அமுக்கிவிடும். தூளைக் கையால் மெல்லக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, ஓவனில் 100 முதல் 110 டிகிரியில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வையுங்கள். ஓவனை அணைத்த பிறகும் உள்ளேயே ஆறட்டும். நிறம் தந்தம் மாதிரி இருக்க வேண்டும், பழுப்பேறினால் சூடு கூடிவிட்டது.

கேள்வி: வாங்கி ரயிலில் கொண்டுபோனால் தாங்குமா?

பதில்: காற்றுப்புகாத டப்பாவில் தாங்கும். பெட்டிக்கு அடியில் வைத்தால் வீட்டுக்குத் தூளாகத்தான் போய்ச் சேரும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ஈரம் ஏறிவிடும். நமத்துப்போனதை 100 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும்.