எந்த ஜவ்வு? – பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: டர்ஃபில் ஃபுட்பால் ஆடும்போது என் மகனுக்கு முழங்கால் திருகிக்கொண்டது. "ஜவ்வு கிழிந்திருக்கு" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு முதுகில் ஜவ்வு விலகியிருக்கிறதாம். இரண்டும் ஒன்றா? – வேளச்சேரி வாசகி

பதில்: இல்லைம்மா, வேறு வேறு. ஜவ்வு என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று பொருட்களை அடைத்துவிடுகிறோம். எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் நார், லிகமென்ட். முழங்காலில் தொடை எலும்புக்குக் கீழே பிறை வடிவில் இருக்கும் மெத்தை, மெனிஸ்கஸ். ஒரு காலுக்கு இரண்டு உண்டு. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருப்பது டிஸ்க். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மெனிஸ்கஸிலேயே வெளி ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் ஆற வாய்ப்பு அதிகம். உள் ஓரத்துக்கு அது கிடையாது. அதனால் டாக்டரிடம் "எந்த ஜவ்வு, எந்த இடத்தில்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மெனிஸ்கஸுக்கு 'கிரேடு 1', 'கிரேடு 2' என்று இருந்தால் அது உள்ளே தெரியும் மாற்றம் மட்டும். மேற்பரப்பைத் தொடும் கிரேடு 3தான் கிழிசல். லிகமென்ட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கிரேடு 2 என்றாலே ஓரளவு கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். இதைக் குழப்பிக்கொண்டு வீணாகப் பயந்தவர்களையும், அலட்சியமாக விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கட்டைவிரல் பக்கத்தை 'லேட்டரல்', அதாவது வெளிப்பக்கம் என்கிறார்கள். மேஜைமேல் கையை வைத்தால் கட்டைவிரல் உள்பக்கம்தானே இருக்கிறது? – நர்சிங் மாணவி, கீழ்ப்பாக்கம்

பதில்: நல்ல கேள்வி. உடம்பின் திசைகளையெல்லாம் ஒரே ஒரு நிலையை வைத்துத்தான் சொல்கிறோம்: நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கை முன்னால் பார்க்க வேண்டும். அப்படி நின்று பாருங்கள், கட்டைவிரல் வெளியே போய்விடும். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது மீடியல், தள்ளியிருப்பது லேட்டரல். நோயாளி படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும் பெயர் மாறாது. இடது, வலதும் நோயாளியுடையதுதான். எதிரே நிற்கும் உங்களுடையது அல்ல.

மேஜைமேல் கை கவிழ்வது ப்ரோனேஷன். அப்போது முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸ், சுண்டுவிரல் பக்கத்து அல்னா எலும்பைத் தாண்டிக் குறுக்கே போகிறது. திருப்பி மல்லாத்துவது சூப்பினேஷன். பந்தியில் ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்போமே, அந்தக் கைதான். கோலப்பொடி விடும் கை, ப்ரோனேஷன். பரீட்சை வரைக்கும் இது போதும்.

கேள்வி: பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்பா கையை ஊன்றி விழுந்துவிட்டார். 'டிஸ்டல் ரேடியஸ்' முறிவாம். அது எங்கே? – பெரம்பூர் வாசகர்

பதில்: மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கம். உடம்பிலிருந்து தூரத்தில் இருக்கும் முனை டிஸ்டல், கிட்டத்தில் இருப்பது ப்ராக்ஸிமல். கட்டு போட்டிருந்தாலும் விரல்களை அப்பா அசைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அசைக்கத்தான் சொல்வார்கள், இல்லையென்றால் விரல்கள் இறுகிப்போகும்.

கேள்வி: குதிகாலுக்கு மேலே 'நரம்பு' இழுத்துப் பிடிக்கிறது. நரம்பு டாக்டரைப் பார்க்கவா? – திருவொற்றியூர் வாசகர்

பதில்: அந்த இடத்தைப் பிடித்துப் பாருங்கள், தடித்த கயிறு போல இருக்கும். அது நரம்பு அல்ல, தசைநாண். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைப்பது. முதலில் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். கால் மரத்துப்போனால், ஊசி குத்துவது போல இருந்தால், அப்போது நரம்பைச் சந்தேகிக்கலாம். திடீரென்று பின்னால் யாரோ அடித்தது போல வலித்து, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால், நாண் அறுந்திருக்கக்கூடும். அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.