அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜூலியா மார்கனுக்குப் பெயர் வாங்கித் தந்தது 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கமா?

பாதி உண்மை. அவர் அதற்கு முன்பே தயாராக இருந்தார் என்பதுதான் மீதி.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு பாரிஸ் போனார். அங்கே எகோல் தே பொசார் கலைப்பள்ளி அதுவரை கட்டடக்கலைப் பிரிவில் பெண்களைச் சேர்த்ததில்லை. மூன்றாவது முயற்சியில், 1898இல் இடம் கிடைத்தது. 1904இல் கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற முதல் பெண் கட்டடக் கலைஞர் ஆனார்.

அதே ஆண்டு ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரிக்கு ஒரு மணிக்கூண்டு கட்டினார். சுமார் 72 அடி உயரம், கம்பி கட்டிய கான்கிரீட். அந்தப் பகுதியில் அப்போது பலரும் நம்பத் தயங்கிய முறை அது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையை உள்ளே இருக்கும் கம்பி தாங்கும். அதனால் நிலம் குலுங்கும்போது செங்கல் சுவர் மாதிரி பிரிந்து விழாது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ சிதைந்தபோது கூண்டு அசையாமல் நின்றது. என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான விளம்பரம் அதுதான். அப்புறம், நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த தீயில் கருகிய சான் பிரான்சிஸ்கோவின் ஃபேர்மாண்ட் ஹோட்டலைச் சீரமைக்கும் வேலை அவரிடம் வந்தது.

பத்திரிகை அதிபர் ஹர்ஸ்டுக்காக அவர் வடிவமைத்த, எல்லோரும் பேசும் ஹர்ஸ்ட் மாளிகை வேலை 1919இல்தான் தொடங்கியது. வாழ்நாளில் அவர் வடிவமைத்தது மொத்தம் 700க்கு மேல் கட்டடங்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் தங்கப் பதக்கம் 2014இல் கிடைத்தது, அவர் இறந்து 57 ஆண்டுகள் கழித்து.