காசு வாங்கி எழுதி குடுத்துட்டா முடிஞ்சிடுமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்,

என் பேர் போடாதீங்க ப்ளீஸ். நாங்க காசிமேடு பக்கம். எங்க அக்கா பொண்ணு 9வது படிக்குது. போன வாரம் எங்கிட்ட வந்து அழுதுச்சு. எங்க பெரியம்மா வீட்டுக்காரர், அவளுக்கு தாத்தா முறை, ரெண்டு மாசமா தப்பா நடந்துகிட்டாராம். அவங்க வீடு மேல் மாடி தான், அக்கா வேலைக்கு போனா சாவி அங்க தான் இருக்கும். அக்காகிட்ட சொன்னேன், தலைல அடிச்சிகிட்டு அழுதா, ஆனா போலீஸ் வேணாம்னுட்டா. ஏரியா பெரியவங்கள வெச்சு பேசி, கொஞ்சம் காசு வாங்கிகிட்டு, அந்தாள வீட்ட காலி பண்ண சொல்லி எழுதி முடிச்சிடலாம்ங்கறாங்க. கேஸ்னு போனா பேர் வெளிய வரும், ஆஸ்பத்திரில ஏதோ டெஸ்ட் எடுப்பாங்கன்னு வேற பயமுறுத்துறாங்க. இன்னொன்னு, இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. 2006ல எனக்கு 12 வயசு. அதே ஆள். நான் அன்னிக்கே வாய தொறந்திருந்தா இவளுக்கு இது நடந்திருக்காதுல்ல? இப்ப நான் கம்ப்ளைன்ட் குடுக்க முடியுமா? அவளுக்கு அரையாண்டு பரீட்சை வேற வருது.

*

தங்கச்சி,

ஆள் அடையாளம் தெரியற மாதிரி இருந்த எல்லாத்தையும் மாத்திட்டு தான் போட்ருக்கேன், பயப்படாத.

மொதல்ல, இன்னிக்கே அந்த சாவி இடம் மாறணும். ஒன்னு உன் வீடு, இல்ல பொண்ணு நம்புற வேற யாராவது வீடு. மத்ததெல்லாம் அப்புறம்.

12 வயசு புள்ள வாய தொறக்கலன்னு இப்ப நீ உன்னையே திட்டிக்கற. தப்பு பண்ணவன் ஒருத்தன், கணக்கு கேக்கறது உன்கிட்டயா? இவ யார்கிட்ட வந்து அழுதா, அவங்க அம்மாகிட்ட கூட இல்ல, உன்கிட்ட தான். நீ நம்புன, மேல சொன்ன. அது போதும்.

இப்ப இந்த எழுதி முடிக்கற கதை. அந்த பெரியவங்ககிட்ட நேரா ஒரு விஷயம் சொல்லு. 18 வயசுக்கு கீழ இருக்கற புள்ளைக்கு இப்படி நடந்தது தெரிஞ்சா, யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், போக்சோ சட்டம் 19வது பிரிவு. தெரிஞ்சும் சொல்லலன்னா 21வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஃபைன், இல்ல ரெண்டும். பஞ்சாயத்துல உக்காந்து வெத்தல போட்டுகிட்டு பேசற அத்தன பேருக்கும் இப்ப விஷயம் தெரியும், அதனால அவங்களும் இதுல மாட்டுவாங்க. இத சொன்னவுடனே பாதி பேர் செருப்ப மாட்டிகிட்டு கெளம்பிடுவாங்க பாரு. அந்த பேப்பருக்கும் ஒரு மரியாதையும் கெடையாது. சமாதானம் ஆயிட்டோம்னு சொல்லி இந்த மாதிரி கேஸ ரத்து பண்ண முடியாதுன்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. சொந்தக்காரன்னு சட்டம் சலுகையும் தராது, ரத்த சொந்தமோ கல்யாணத்துல வந்த சொந்தமோ, தண்டனை கூடும், பலாத்காரம்னா கொறஞ்சது 20 வருஷம். காசு தேவைன்னா கேஸ் நடக்கும்போதே இடைக்கால நிவாரணம் குடுக்க ஸ்பெஷல் கோர்ட் உத்தரவு போடலாம், அது அரசாங்க காசு. அவன் காசுல ஒத்த ரூபா வாங்க வேணாம்னு அக்காகிட்ட சொல்லு.

பேர் வெளிய வரும்ங்கற பயம் சும்மா இல்ல. 2024 டிசம்பர்ல அண்ணா யுனிவர்சிட்டி மாணவி பாலியல் கேஸ்ல எஃப்ஐஆரே லீக் ஆச்சு, நாமெல்லாம் பாத்தோம். ஆனா அடுத்து நடந்தத யாரும் பேசறதில்ல. ஐகோர்ட் அந்த பொண்ணுக்கு 25 லட்சம் குடுக்க சொல்லுச்சு, பெண் ஐபிஎஸ் அதிகாரிங்கள போட்டு விசாரிக்க சொல்லுச்சு, 2025 ஜூன்ல அந்த கேஸ் குற்றவாளிக்கு ஆயுள், 30 வருஷத்துக்கு வெளிய வர முடியாது. பேர வெளிய விடறதே தனி குற்றம், சொந்தக்காரங்க வாட்ஸப் க்ரூப்ல போட்டாலும் தான்.

ஸ்டேஷன்னா உடனே இரும்பு கேட்டும் பெஞ்சும் தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. பொண்ணு ஸ்டேஷனுக்கு போகவே தேவையில்ல. அவ வீட்லயோ அவ சொல்ற எடத்துலயோ வந்து, முடிஞ்ச வரைக்கும் பெண் எஸ்ஐ, யூனிஃபார்ம் இல்லாம தான் எழுதிக்கணும். கூட அவ நம்பற ஆள் இருக்கலாம், நீயே இரு. கம்ப்ளைன்ட் நீயும் குடுக்கலாம், அம்மா அப்பா தான் குடுக்கணும்னு இல்ல. பக்கத்துல இருக்கற மகளிர் ஸ்டேஷனுக்கு போ, தயக்கமா இருந்தா மொதல்ல குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணு, அவங்களே கூட வருவாங்க. "எங்க லிமிட் இல்லம்மா"ன்னு யாராவது சொன்னா "ஜீரோ எஃப்ஐஆர் போடுங்க மேடம்"னு சொல்லு, எந்த ஸ்டேஷன்லயும் போட்டாகணும். காப்பி ஃப்ரீயா குடுக்கணும், கேட்டு வாங்காம எழுந்து வராத. 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்கு தகவல் சொல்லணும், கேஸ் முடியற வரைக்கும் பொண்ணு கூட வர ஒரு ஆள அந்த குழு போடும். கோர்ட்லயும் அவன் மூஞ்சிய இவ பாக்காத மாதிரி தான் சாட்சி வாங்கணும், வேற ஆளுங்க யாரும் உள்ள இருக்க கூடாது.

டெஸ்ட் விஷயம். உடலுறவு பழக்கம் இருக்கான்னு பாக்கறேன்னு ரெண்டு விரல் டெஸ்ட்னு ஒரு அசிங்கம் இருந்துச்சு உண்மை தான், 2022ல சுப்ரீம் கோர்ட் அத எவனும் பண்ண கூடாதுன்னுடுச்சு. பொண்ணுங்கள லேடி டாக்டர் தான் பாக்கணும், நீயோ அக்காவோ பக்கத்துல இருக்கணும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்கு கிட்ட தான. எஃப்ஐஆர் இருந்தா தான் பாப்போம்னு சொல்ல கூடாது, பிரைவேட் ஆஸ்பத்திரியா இருந்தாலும் இலவசமா பாத்தாகணும். கடைசியா நடந்து 3 நாளுக்குள்ளன்னா ஓடு, கர்ப்பம் தடுக்கற மாத்திரை, எச்ஐவி வராம தடுக்கற மருந்து எல்லாம் அதுக்குள்ள ஆரம்பிக்கணும். போட்டிருந்த துணிய தொவைக்காத, பிளாஸ்டிக் கவர் வேணாம், பேப்பர்ல சுத்தி வை. நாளாயிடுச்சுன்னாலும் கூட்டிட்டு போ, தேதி தள்ளி போயிருந்தா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லு, இந்த மாதிரி நெலமைல 24 வாரம் வரைக்கும் கலைக்க சட்டத்துல எடம் இருக்கு.

எல்லாம் சொன்னபடியே ஸ்மூத்தா நடக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருஷத்துல முடிக்க பாக்கணும்னு சட்டம் சொல்லும், இழுக்கும். ஆனா அயனாவரத்துல ஒரு சின்ன பொண்ணுகிட்ட பல பேர் தப்பா நடந்துகிட்ட கேஸ் 2018 ஜூலைல வெளிய வந்து 2020 பிப்ரவரில 15 பேருக்கு தண்டனை ஆச்சு, அத்தன பேர் இருந்தும் ஒன்றரை வருஷம் தான். அதுவரைக்கும் பெரியம்மா பேச மாட்டாங்க, மாடிப்படில எதிர்ல வந்தா மூஞ்சிய திருப்பிப்பாங்க, கல்யாணத்துக்கு கூப்பிட மாட்டாங்க. இதுக்கு உங்க அக்காவ நீ இப்பவே ரெடி பண்ணனும்.

இப்ப உன் விஷயம். போக்சோ 2012 நவம்பர் 14ல தான் அமலுக்கு வந்துச்சு, அதனால உனக்கு 2006ல நடந்ததுக்கு அது வராது, பழைய இந்திய தண்டனை சட்டம் (ஐபிசி) தான். பலாத்காரம்னா காலக்கெடுவே இல்ல, இன்னிக்கும் குடுக்கலாம். கை வெச்சது மாதிரின்னா அப்ப 3 வருஷ கெடு இருந்துச்சு, தாமதத்த கோர்ட் மன்னிச்சா தான் உண்டு. என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட சொல்ல வேணாம், ஒரு வக்கீல்கிட்ட சொல்லு. ஐகோர்ட் காம்பவுண்டுலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பீச் ஸ்டேஷன்ல எறங்கி நடந்துடலாம், சட்ட உதவி நம்பர் 15100க்கு போனும் பண்ணலாம். பொம்பளைங்களுக்கு சம்பளம் எவ்ளோன்னு பாக்காம இலவச வக்கீல் தரணும். பொண்ணு கேஸ்ல சொல்றது கட்டாயம், ஆனா உன் கேஸ குடுக்கறதும் விடறதும் உன் இஷ்டம், யாரும் தள்ள கூடாது, நானும் தள்ளல. நைட்டு தூக்கம் வரலன்னா மனநல உதவி நம்பர் 14416, தமிழ்லயே பேசுவாங்க, ஃப்ரீ.

அரையாண்டு? எழுதணும்னு அவ சொன்னா எழுதட்டும், வேணாம்னா லீவ் லெட்டர் குடுத்துடு, 9வது தான. ஸ்கூல்ல சொல்லணும்னா எச்எம் ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லு. ஆனா எத பண்றதுக்கு முன்னாடியும் அவள பக்கத்துல உக்கார வெச்சு, நாளைக்கு யார் வருவாங்க, என்ன கேப்பாங்கன்னு நீயே சொல்லிடு. அவளுக்கு தெரியாம எதுவும் நடக்க வேணாம்.