விரலால் படிக்கும் குழந்தைகள்: கேள்வி பதில்

பார்வை இல்லாத, பார்வை குறைந்த குழந்தைகளுக்கு இருபது வருடத்துக்கு மேலாக எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். நானும் பிரெயிலை, அதாவது தாளில் மேடாக எழும்பும் புள்ளிகளால் ஆன எழுத்தை, விரலால் படிப்பவள்தான். எனக்குத் தெரிந்ததற்கு நீளமாகவே பதில் எழுதுவேன். கண் மருத்துவம் கேட்டால் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

மகளுக்கு மூன்று வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பிரெயிலை எப்போது ஆரம்பிக்கலாம்?

இப்போதே. பாடமாக வேண்டாம். கண் தெரிகிற குழந்தை பெயர்ப்பலகை, பொட்டலம், நாள்காட்டி என்று எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறது. உங்கள் மகளின் விரலுக்கு எழுத்து தானாக வந்து சேராது, நீங்கள்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவளுடைய நாற்காலி, அலமாரிக் கதவு, தண்ணீர்க் குவளை எல்லாவற்றிலும் அவள் பெயரைப் புள்ளியில் அடித்து ஒட்டுங்கள். கதைப் புத்தகத்தின் வரிகளைக் கண்ணாடி போன்ற ஒட்டுத்தாளில் பிரெயிலில் அடித்து, அச்சு வரிக்குக் கீழே ஒட்டுங்கள். நீங்கள் படிக்கும்போது அவள் விரல் அதன் மேல் ஓடட்டும்.

ஓடட்டும் என்றுதான் சொன்னேன். அவள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கை கீழே, அவள் கை உங்கள் கைமேல். பிடிக்கவில்லை என்றால் அவளே எடுத்துக்கொள்ளலாம். யாராவது உங்கள் தலையைப் பிடித்துத் திருப்பி "இதைப் பார்" என்றால் எப்படி இருக்கும்? அவளுக்குக் கை அப்படித்தான்.

இன்னொன்று, கதையில் சாவி வந்தால் நிஜச் சாவியைக் கையில் கொடுங்கள். பிளாஸ்டிக் யானையும் பிளாஸ்டிக் குதிரையும் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆறு குழி உள்ள பெட்டியில் பந்து வைத்து எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தேன். அதில் சரியாகச் சொல்கிறான், தாளில் திணறுகிறான். ஏன்?

தாளில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர். ஓர் எழுத்து முழுக்க ஒரு விரல் நுனிக்குள் அடங்கி, ஒரே தொடுதலில் ஓர் உருவமாகப் பதிகிறது. பெட்டியில் அப்படியில்லை, ஒவ்வொரு பந்தாகத் தேடி எண்ண வேண்டும். உங்கள் மகன் எண்ணப் பழகியிருக்கிறான், படிக்கப் பழகவில்லை.

பார்பியே என்ற பிரெஞ்சு ராணுவக்காரர் இருட்டில் படிப்பதற்காக உருவாக்கிய முறையில் ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வரும், விரல் மேலும் கீழும் அலைய வேண்டும். பார்வை இல்லாத மாணவரான லூயி பிரெயில் 1824இல், பதினைந்து வயதில், அதை ஆறாகக் குறைத்தார். அவரும் விரலால் படித்தவர், அதனால் கண்டுபிடித்தார். பெட்டியை ஒரு வாரம் விளையாடிவிட்டு ஓரமாக வையுங்கள்.

தமிழ் பிரெயிலை அ, ஆ, இ, ஈ வரிசையில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? 247 எழுத்துகளை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

ஒரு நல்ல சேதி: 247 கிடையாது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம், மெய்க்கு வைக்கிற புள்ளி. தமிழுக்கு அவ்வளவுதான் அடிப்படை. உயிர்மெய்க்குத் தனி வடிவம் இல்லை. ஆறு புள்ளிகளுக்கு இடமுள்ள ஒரு தொகுதியைக் கட்டம் என்போம். 'கா' என்றால் க கட்டம், அடுத்து ஆ கட்டம். 'கொ' என்றால் க, அடுத்து ஒ. அச்சில் போல முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்ற சுற்றி வளைப்பு இல்லை, வாயில் வருகிற வரிசையிலேயே விரலுக்கும் வருகிறது. என்னிடம் படித்த ஒரு பெண், "டீச்சர், ஒற்றைக் கொம்பு போடுன்னு எல்லாரும் சொல்றாங்களே, மாட்டுக் கொம்பா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஒரு நூலை அட்டையில் வளைத்து ஒட்டி அச்சுக் கொம்பைத் தொட்டுக் காட்டினேன்.

ஒரே ஒரு தலைகீழ்: மெய்ப்புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும். 'அம்மா' என்பது அ, புள்ளி, ம, ம, ஆ என ஐந்து கட்டங்கள்.

இனி வரிசைக்கு வருவோம். கட்டத்தின் புள்ளிகளுக்கு எண் உண்டு: இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. அ என்பது 1 மட்டும், மெய்ப்புள்ளி 4 மட்டும். ல என்பது 1-2-3, ள என்பது 4-5-6. வெற்றுத் தாளில் இவற்றைத் தனியாக அடித்துக் கொடுத்தால் எனக்கே தெரியாது, பக்கத்தில் வேறு எழுத்து இருந்தால்தான் இடமா வலமா என்று புரியும். இ (2-4), ஏ (1-5) இரண்டும் கண்ணாடிப் பிம்பம். ஆகவே இந்த ஜோடிகளை ஒரே வாரத்தில் கொண்டுவராதீர்கள், எழுத்தைச் சொல்லுக்குள் வைத்தே கொடுங்கள். குழந்தையின் பெயரில் வருகிற எழுத்துகள் முதலில். அகர வரிசை பாட்டாகத் தெரிந்தால் போதும்.

மூன்றாம் வகுப்பு மகன் புத்தகத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பிடித்துப் படிக்கிறான். பெரிய எழுத்து போதுமா? பிரெயில் பழகினால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்கிறார்களே?

போகாது. பக்கத்தில் வைத்துப் படிப்பதாலும் கண் கெடாது. எவ்வளவு நேரம் படித்த பிறகு தலை வலிக்கிறது, தான் எழுதியதைத் தானே படிக்க முடிகிறதா, வகுப்போடு ஒத்துப்போகிற வேகம் வருகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் சோர்ந்தால் பிரெயிலையும் சேர்த்துப் பழக்குங்கள். இரண்டும் தெரிந்தவன் நஷ்டப்பட்டதில்லை. எழுத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க ஒரு பார்வைக்குள் அடங்குகிற எழுத்து குறைகிறது. தமிழ்ச் சொல்லோ நீளம். முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். சாய்வுப் பலகை, பக்கவாட்டு வெளிச்சம், கருப்பு மை அவசியம். துணைக்காலும் ர-வும் தெளிவாக வேறுபடுகிற எழுத்துரு வேண்டும். வெளுத்த நகலைப் பெரிதாக்கிக் கொடுக்காதீர்கள்.

பையனுக்கு ஐந்து வயது. எப்போது ஆரம்பிக்கலாம்?

இன்று. முதல் பதிலைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கணினியும் கைப்பேசியும் படித்துச் சொல்கின்றன. இந்தக் காலத்தில் பிரெயில் எதற்கு?

திரைவாசிப்பான் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. இருந்தாலும் கேட்பது வேறு, படிப்பது வேறு. பரவை, பறவை; பனி, பணி; கரி, கறி. பலர் பேச்சில் இவை காதுக்கு ஒன்றுதான். கேட்டே வளர்ந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன், கெட்டிக்காரன், அறத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினான். நான்கு பக்கத்திலும் அரம், இரும்பு ராவுகிற அரம்.

அதே நண்பர் மீண்டும்: பிழைதிருத்தி இருக்கிறதே? எழுத்தெழுத்தாகவும் கேட்கலாமே?

அரமும் சரியான சொல்தானே, பிழைதிருத்தி சும்மா விட்டுவிடும். எழுத்தெழுத்தாகக் கேட்கலாம், சந்தேகம் வந்தால். சந்தேகம் வரவே அந்தச் சொல்லை ஒரு தடவையாவது எழுத்தாகச் சந்தித்திருக்க வேண்டும்.

இன்னொருவர்: எனக்கு முப்பது வயதில் பார்வை போனது. விரலுக்குப் புள்ளி பிடிபடவே இல்லை. காதால்தான் வேலை பார்க்கிறேன். நானும் எழுத்தறியாதவனா?

இல்லை. நீங்கள் ஏற்கெனவே கண்ணால் படித்தவர், ற எங்கே ர எங்கே என்று உங்களுக்குத் தெரியும். நான் பேசுவது எழுத்தையே சந்திக்காத குழந்தையைப் பற்றி. அதைத் தெளிவாகச் சொல்லாதது என் தவறு.

முதல் நண்பர்: தொழில்நுட்பத்தை எதிர்க்கிறீர்கள்.

ஐயா, ஊசிகள் எழுந்து எழுந்து பிரெயில் காட்டுகிற கருவியைக் கைப்பேசியோடு இணைத்துத்தான் உங்கள் கேள்வியையே படித்தேன். இதோடு விட்டுவிடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

முதலில் சிலேட்டும் எழுத்தாணியுமா, இயந்திரமா?

இயந்திரம். 1951இல் வந்த பெர்க்கின்ஸ் பிரெயிலர் போன்றதில் ஆறு விசைகள். அடித்த கையோடு தொட்டுப் பார்க்கலாம். சிலேட்டில், அதாவது தாளைப் பிடித்துக்கொள்ளும் குழிகள் உள்ள சட்டத்தில், வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். இ, ஏ குழப்பம் உள்ள குழந்தைக்கு அது வேதனை. அப்புறமாகப் பழக்குங்கள், அது பைக்குள் அடங்கிவிடும். விசையை அழுத்த விரலில் பலம் இல்லை என்றால் களிமண் பிசையட்டும்.

ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை மேலும் கீழுமாகத் தேய்க்கிறாள்.

அழுத்திப் படிக்கிறாள். இறகு போலத் தொடச் சொல்லுங்கள், இரண்டு கையாலும். வலது கை வரியை முடிக்கும்போது இடது கை அடுத்த வரியைப் பிடிக்கட்டும். நீங்கள் அவள் விரலைப் பிடித்து நகர்த்துகிறீர்கள் என்றால், முதலில் அதை நிறுத்துங்கள்.

மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு. ஒரு நாள் பார்க்கிறான், ஒரு நாள் பார்ப்பதில்லை.

இதற்கென்றே பழகிய நிபுணர் மதிப்பிட வேண்டும். அதுவரை, நடிக்கிறான் என்று மட்டும் சொல்லாதீர்கள். வெறும் பின்னணியில் ஒரு நேரத்தில் ஒரே பொருளை வையுங்கள்.

எந்தச் சொட்டு மருந்து நல்லது?

மருத்துவர்.

எட்டு மாதக் குழந்தை. எப்போது ஆரம்பிக்கலாம்?

மூன்றாவது தடவை! மடியில் வைத்துக் கதை சொல்லுங்கள், புள்ளி உள்ள பக்கத்தைக் கசக்கட்டும், கடிக்கட்டும்.

எனக்குக் கண் தெரியும், ஆசிரியை. நானும் விரலால் படிக்கக் கற்க வேண்டுமா?

கண்ணால் படித்தால் போதும். வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளி என்பதால் விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், நிழல் விழும். இரண்டு பக்கமும் அடித்த தாள் என்றால் மேட்டையும் பள்ளத்தையும் பிரிக்க உங்கள் கண் கொஞ்ச நாள் திண்டாடும். அந்த நேரத்தில் மாணவியைக் கேளுங்கள், அவள் விரலுக்கு மேடு மட்டும்தான் தட்டுப்படும்.